நோன்புக்குள் வந்த பால்கோவா

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் முட்டைக்குக் குறைவே இருக்காது. நாங்கள் கோழி வளர்ப்பதில்லை. நான்கு வீடு தள்ளி இருக்கும் அன்னம்மா டீச்சர் வளர்க்கிறார். மாதத்தின் முதல் நாள் காலையிலேயே ஒரு சிறு கூடையில் வைக்கோல் பரப்பி அவர் வீட்டு முட்டைகள் எங்கள் வாசலுக்கு வந்துவிடும். பால்காரரும் அந்த வீட்டின் முன் நிற்காமல் நேரே எங்கள் வீட்டுக்கு வருவார். கோழியும் மாடும் எப்போதும்போலத்தான் இருக்கின்றன. அந்த வீட்டுக்காரர்கள்தான் சாப்பிடுவதை நிறுத்திவிடுகிறார்கள். கிறிஸ்துமஸ் விடிகிற வரைக்கும் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் அவர்கள் அடுப்பில் ஏறாது. இன்றைக்கு எனக்கு இது மழை, பனி மாதிரி பழகிப்போன சங்கதி. முதல் வருஷம் இது தெரியாமல் நான் பட்ட பாட்டை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைப்பு. என்னைப் போல மலையேறி வந்து பிள்ளைகளை இந்தப் பள்ளிக்கூடங்களில் விட்டிருக்கும் தாய்மார்களுக்கும் இது உபயோகப்படலாம். கிறிஸ்துமஸ் நெருங்கினால் டீச்சருக்கு என்ன கொடுக்கலாம் என்று என்னிடம் வந்து கேட்காதவர்கள் இங்கே குறைவு.

எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். கணவர் வண்டிப்பெரியாறுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். கம்பத்தில் பஸ் ஏறிக் குமுளி மலையில் வாந்தியெடுத்துக்கொண்டே வந்து சேர்ந்தபோது இந்தப் பக்கத்துக்குத் திருவிதாங்கூர்-கொச்சி என்று பெயர். இப்போது கேரளம் என்கிறார்கள். தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிறவர்கள் திருநெல்வேலி, மதுரைச் சீமைக்காரர்கள்; ஆபீசிலும் பள்ளிக்கூடத்திலும் பெரும்பாலும் கோட்டயம், பாலா பக்கத்து மலையாளிகள். பள்ளிக்கூடம் என்றால் தகரக் கூரை போட்ட ஒரே நீளக் கூடம்தான். அன்னம்மா டீச்சர் முன்னால் நின்று மலையாளத்தில் பாடம் சொல்வார். செல்லத்தாயி பின்னால் உட்கார்ந்து அதையே தமிழில் திருப்பிச் சொல்வாள். செல்லத்தாயி திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரி, அதாவது கிறிஸ்தவப் பெண். பிள்ளைகளைத் தோட்டத் தொழிலாளிகள் குடியிருக்கும் லயங்களிலிருந்து அழைத்து வருவது, மழைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலைத் தூக்கிக் கடத்துவது, மூக்கைத் துடைத்துவிடுவது, பாடத்தைத் தமிழில் சொல்வது எல்லாமே அவள் வேலை. அவளை உதவி டீச்சர் என்று யாரும் சொன்னதில்லை. ஆயா என்றுதான் சொன்னார்கள்.

எங்கள் மகள் கோதையை அந்த ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். வீட்டில் அவள் வாயை மூட முடியாது. பூனையோடு பேசுவாள், அரிசியோடு பேசுவாள், ஆள் கிடைக்காவிட்டால் கதவோடு பேசுவாள். பள்ளிக்கூடத்துக்குள் காலை வைத்ததும் ஊமையாகிவிட்டாள். மலையாளத்துக்கும் பதில் இல்லை, தமிழுக்கும் பதில் இல்லை. மழைக்காலம் முடிந்து பனிக்காலம் வந்தது, அவள் வாய் திறக்கவில்லை. நவம்பர் கடைசியில் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "இவள் ஒன்னும் மிண்டுன்னில்லல்லோ" என்றார். பேசாத பிள்ளைக்கு என்ன தெரியும் என்று தன்னால் சொல்ல முடியவில்லை என்றும், கிறிஸ்துமஸ் லீவு முடிந்த பிறகும் இப்படியே இருந்தால் நிறுத்திவிட்டு வேறு வழி பார்ப்பதுதான் நல்லது என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வேறு வழி என்னவென்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஊரில் என் அண்ணன் இருக்கிறார். கோதையைத் தம் வீட்டில் வைத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்க வைக்கிறேன் என்று முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். கணவரும் ஒரு மாதிரி ஒத்துக்கொண்டுவிட்டார். ஐந்து வயதுப் பிள்ளையைக் கீழே அனுப்பிவிட்டு இந்தப் பனிக்குள் நான் யாரோடு பேசிக்கொண்டிருப்பேன் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நான் ஒருத்திதான் யோசித்தேன், அழுதேன். அழுது முடித்ததும் டீச்சருக்கு நல்லதாக ஏதாவது கொடுத்து அவர் மனத்தை இளக வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். லஞ்சம் என்று நினைக்க வேண்டாம். நம் ஊரில் விஜயதசமிக்கு வாத்தியார் வீட்டுக்குத் தட்டு போவதில்லையா? இங்கே அதே மாதிரி கிறிஸ்துமஸுக்கு டீச்சருக்குப் போகும். பங்களாவில் இருக்கும் துரைக்குக் கூடை கூடையாகப் பழமும் காலைக் கட்டிய சேவலும் போவதைப் பார்த்துப் பழகிய ஆபீஸ் வீட்டுப் பெண்கள், பள்ளிக்கூடத்துக்கும் அதில் சிறு அளவில் ஒன்றைச் செய்வார்கள்.

என்ன கொடுப்பது என்பதில்தான் சிக்கல். நம் தட்டில் வைக்கும் ஒவ்வொன்றையும் மனத்துக்குள் வைத்துப் பார்த்தேன். வெற்றிலை பாக்கு வைத்தால் டீச்சர் போட மாட்டார். மஞ்சள் குங்குமம் கூடவே கூடாது. பூ வைத்துக்கொள்வதில்லை, கண்ணாடி வளையல் போடுவதில்லை. சேலை எடுத்துக் கொடுக்கலாம் என்றால் அவர் உடுத்துவது வெள்ளைச் சேலை மட்டும்தான். புருஷனும் பிள்ளைகளுமாகக் குடித்தனம் நடத்துகிற ஒரு பெண்ணுக்கு வெள்ளைச் சேலையை எப்படி என் கையால் கொடுப்பேன்? அவருக்கு அதில் ஒன்றும் இல்லை. எனக்குக் கை வராது. கலர்ச் சேலை கொடுத்தால் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். தட்டு காலியாகிவிட்டது. கடைசியில் செல்லத்தாயியைக் கேட்டேன். அவளும் வேதம், டீச்சரும் வேதம், அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன்.

செல்லத்தாயி யோசிக்கவே இல்லை. "பலகாரம் குடுங்கம்மா. எங்க ஊர்ல கிறிஸ்மஸ் வாரம் முழுக்க வீட்டுக்கு வீடு பலகாரத் தட்டுதான் போகும். இனிப்புக்கு மிஞ்சி என்ன இருக்கு?" என்றாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, தனக்கு என்னத்துக்கு என்று சிரித்தாள். அதற்காக விட்டுவிட முடியுமா? காலைப் பனியில் பிள்ளைகளை அழைத்து வரும்போது அவள் முழங்கை வரை மயிர் குத்திட்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். துணி மூட்டையோடு மலைக்கு வரும் கம்பத்து வியாபாரியிடம் பிளானல் துணி வாங்கி, மணிக்கட்டு வரை கை வைத்து அவளுக்கு ஒரு ரவிக்கை தைத்தேன். அளவு கேட்காமலே தைத்தது. அக்குளில் கொஞ்சம் பிடித்தது என்று பிற்பாடு சொன்னாள்.

டீச்சருக்குப் பலகாரம் என்று ஆனதும் எங்கள் ஊர்க்காரிக்கு வேறு எது தோன்றும்? அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். பள்ளிக்கூடம் லீவு விடுவதற்கு முதல் நாள் சாயங்காலம் ஓலைப்பெட்டி நிறையப் பால்கோவாவோடு வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்க எங்கள் தெரு வந்து உட்கார்ந்துகொண்டது. அண்ணன் பலகாரம் கொடுப்பதற்கு மட்டும் வரவில்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் பேச்சை எடுத்தார். "வாயத் தொறக்காத புள்ளைய இங்க வச்சு என்ன செய்யப் போற? நாளைக்கு எங்கூட அனுப்பிவிடு. நம்ம தெருவுல நாலு புள்ளைகளோட சேந்தாத் தானாப் பேசும்" என்றார். நாளைக்கு டீச்சரைப் பார்த்துவிட்டு வருகிறேன், அவர் என்ன சொல்கிறாரோ அப்படிச் செய்யலாம் என்றேன். கோதை பாயில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பெட்டியை நானே கொண்டுபோனேன். கூடத்தில் காகித நட்சத்திரம் தொங்கியது. மற்ற வீட்டுப் பெண்கள் கொடுத்த பூவேலைத் துணியும் சோப்புப் பெட்டியும் மேசைமேல் இருந்தன. செல்லத்தாயிக்கு ரவிக்கையைக் கொடுத்தேன். வாங்கி அங்கேயே தோளில் வைத்துப் பார்த்தாள். பிறகு டீச்சரிடம் பெட்டியை நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கித் திறந்தார், முகர்ந்தார். "பால் அல்லே?" என்றார். சுத்தமான பால், எங்கள் ஊரில் காய்ச்சியது என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சங்கடம் வந்தது. "நோம்பாணு" என்று மெல்லச் சொல்லிப் பெட்டியை மூடினார். ஒரு துண்டுகூட எடுக்கவில்லை. செல்லத்தாயியைக் கூப்பிட்டுப் பிள்ளைகளுக்குப் பங்கு வைக்கச் சொன்னார்.

நோன்பு என்று சொன்னது காதில் விழத்தான் செய்தது. ஆனால் அவர்களுக்கு இப்படி ஒரு நோன்பு உண்டென்று எனக்குத் தெரியாது. நம் ஊரில் ஒரு வீட்டுப் பண்டத்தை வாங்க மனமில்லாதவர்கள் இன்றைக்கு விரதம் என்று சொல்லி ஒதுக்குவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். என் கண் முன்னாலேயே என் பால்கோவாவைப் பங்கு போடுகிறார் என்றால் பிள்ளைக்கும் இடமில்லை என்றுதானே பொருள்? முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கோதையின் துணிமணியை மூட்டை கட்டுவதுவரை மனம் போய்விட்டது. செல்லத்தாயி முதல் வரிசைக்கு இரண்டு துண்டு கொடுத்திருப்பாள்.

அப்போது பின்னாலிருந்து கோதை எழுந்து நின்றாள்.

"அது புள்ளைகளுக்கு இல்ல. டீச்சருக்கு. எங்க மாமா ஊர்ல இருந்து கொண்டாந்தது" என்றாள்.

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் குரல் எப்படி இருக்கும் என்றே அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. செல்லத்தாயி கையில் துண்டை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். டீச்சர் கோதையைப் பக்கத்தில் கூப்பிட்டு, கிறிஸ்துமஸ் பெருநாள் விடிகிறவரை தான் பால் சேர்ப்பதில்லை, அதற்குள் கெட்டுப்போகக் கூடாதே என்றுதான் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னதாக மலையாளத்தில் சொன்னார். செல்லத்தாயி வழக்கம்போலத் தமிழில் திருப்பிச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கோதைக்கு விளங்கிவிட்டது. இத்தனை மாதமாக அவள் காது சும்மா இருக்கவில்லை. "அப்ப ஒரு துண்டு எடுத்து வைங்க. பெருநாள் கழிஞ்சு தின்னுங்க" என்று உத்தரவு மாதிரிச் சொன்னாள். டீச்சர் சிரித்தார். ஒரு பெரிய துண்டை இலையில் சுற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். வைத்ததைக் கோதை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் மற்றவர்களுக்குப் பங்கு போக விட்டாள். பிறகு டீச்சர் என் பக்கம் திரும்பி, "இவளெ எங்ஙோட்டும் அயக்கண்டா" என்றார். எங்கேயும் அனுப்ப வேண்டாமாம் என்று செல்லத்தாயி எனக்குச் சொன்னாள். எனக்கும் அது மட்டும் தமிழில் தேவைப்படவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அண்ணன் வெறும் ஓலைப்பெட்டியோடு தனியாகப் பஸ் ஏறினார்.

செல்லத்தாயியைப் பிடித்துக் கேட்காமல் விடுவேனா? "எங்க சபையில நோன்பெல்லாம் கிடையாதும்மா. அவுக சபை வேற. நானே இந்த வருசந்தான வேலைக்கு வந்தேன், எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். வேதம் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்தது என் கணக்கு. கிறிஸ்துமஸ் என்றால் பலகாரம் என்று நினைத்தது அவள் கணக்கு. ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்த அன்று கோதை நேரே டீச்சரிடம் போய் இனித்ததா என்று விசாரித்தாளாம். பெருநாள் காலையில் வேதக்கோயிலில் பூசை முடிந்து வந்ததும் முதலில் அதைத்தான் வாயில் போட்டேன் என்று டீச்சர் சொன்னாராம். அடுத்த வருஷத்திலிருந்து டீச்சருக்குச் சாத்தூர்ச் சேவு போகிறது. அதில் பாலும் இல்லை, முட்டையும் இல்லை. செல்லத்தாயிக்கு வருஷா வருஷம் பிளானல், ஆனால் அளவெடுத்துத் தைத்தது. என்னிடம் யோசனை கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எதைக் கொடுப்பதென்று பிறகு யோசியுங்கள், வாங்குகிறவர் இந்த மாதம் எதைத் தொடமாட்டார் என்று முதலில் கேளுங்கள், அதையும் அவரையே கேளுங்கள்.

இந்த வருஷம் கொடுத்ததுதான் கடைசி. தோட்டத்துப் பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு முடிகிறது. வருகிற ஜூனில் கோதை கீழே போக வேண்டும், அண்ணன் வீட்டிலிருந்து படிக்க வேண்டும். அன்று தள்ளிப்போட்டது இன்று வந்து நிற்கிறது. அவளுக்கு ஒன்பது வயதாவதற்குள், ஐந்து வயதில் இருந்ததைவிட எனக்குத் தைரியம் வந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பள்ளிக்கூடத்தைப் பார்த்துப் பேசிவிட்டு வரலாம் என்று கிறிஸ்துமஸ் லீவில் ஊருக்கு வந்திருக்கிறோம். மலையில் எழுதத் தொடங்கிய இதை முடிப்பதும் இங்கிருந்துதான்.

அண்ணன் வீட்டில் வந்து இறங்கிய அன்றே மதினி சூடு ஆறாத பால்கோவாவை ஆளுக்கு ஒரு கிண்ணத்தில் வைத்தாள். கோதை தன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பிடிக்கவில்லையா என்று அண்ணன் கேட்டார். "பெருநாள் கழியட்டும் மாமா. டீச்சரும் செய்யறாங்க, நானும் இந்த வருசம் செய்யறேன்" என்றாள். எனக்கே இது புதுச் செய்தி. முதல் தேதியிலிருந்து அவள் மோர் வேண்டாம் என்றதும் முட்டையை ஒதுக்கியதும் சளிக்குப் பயந்து என்று நினைத்திருந்தேன். மதினி என்னைப் பார்த்து, "என்ன தாயி, புள்ளைய வேதத்துல சேத்துட்டியா?" என்றாள். இல்லை என்றேன்.

கோதை கிண்ணத்தை ஒரு தட்டால் மூடி, எறும்பு ஏறாத இடம் எது என்று மதினியைக் கேட்டாள். சாமி மாடம்தான் என்றாள் மதினி. பெருமாள் படத்துக்குக் கீழே, விளக்குக்குப் பக்கத்தில், அவள் பால்கோவா கிறிஸ்துமஸ் விடிவதற்காகக் காத்திருக்கிறது. என் பங்கு என் கையில் இருந்தது. நெய் விரலில் ஒட்டிய பிறகு, பிறந்த ஊரில், பசியோடு, நானும் அதைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டு இன்னொரு தட்டு கேட்டேன்.