கல்மரம் தேடிப் போன ஜீப்

காலையில் திண்டிவனம் தாண்டி மண்பாதையில் இறங்கிய ஜீப் மதியம்வரை தார்ச்சாலையையே தொடவில்லை. ஏரிக்கரை, ஓடை, செம்மண் மேடு என்று உலுக்கிக்கொண்டே வருகிறது. திருவக்கரைப் பக்கம் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றனவாம். அதைக் காட்டத்தான் ஓட்டுநர் முருகேசன் கூட்டிப்போகிறார். அதற்கென்றே காமிராவில் கொஞ்சம் ஃபிலிம் மிச்சம் வைத்திருக்கிறேன்.

கடைசியில் ஒரு தார்ச்சாலை வருகிறது. அதன்மேல் கேப்பைக் கதிரைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். சாப்பிடுகிற தானியத்தின்மேல் சக்கரம் ஏறுவதா என்று எனக்கு மனம் கூசுகிறது.

"ஓரமா போயிடுங்களேன்" என்கிறேன்.

முருகேசன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஓரத்தில் வரிசையாக வைத்திருக்கும் கற்கள்மேல் ஏற்றி இறக்குகிறார்.

வேலமர நிழலிலிருந்து ஒரு அம்மா கையில் கோலோடு வந்து மறிக்கிறார்.

"இன்னா சார், சுத்திக்கினு போறீங்க? வண்டி ஏறணும்னுதானே கொட்டி வச்சிருக்கேன். பஸ்ஸும் வரல, மழ வேற கட்டிக்கினு நிக்குது."

முருகேசன் சிரிக்காமல் ஜீப்பைப் பின்னால் எடுக்கிறார். முன்னும் பின்னுமாக ஆறு முறை ஓட்டுகிறார். அந்த அம்மா கதிரைப் புரட்டிப் போட்டு, "இன்னொரு தபா" என்கிறார்.

நான் இறங்கி, நாங்கள் தள்ளிவிட்ட கற்களை மறுபடி வரிசையில் வைக்கிறேன். ஒரு கல்லில் வட்டம் வட்டமாக ரேகை. மேலே மரப்பட்டைகூடத் தெரிகிறது.

"இது எங்க கெடச்சுதும்மா?"

"கல்மரமா? ஏர் ஓட்டுனா வந்துக்கினே இருக்கும். வண்டிங்க சுத்திப் போவக் கூடாதுன்னு வச்சேன். நீங்க அதுமேலயே ஏத்திட்டீங்க."