மஞ்சள் சட்டையும் தீக்காக்கையும்

வால்பாறைக்குப் பறவை பார்க்கப் போன இடத்தில் நான் செய்த கேவலமான காரியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பச்சை, பழுப்பு உடைதான் போட வேண்டும் என்று வழிகாட்டி முன்பே சொல்லியிருந்தார். எங்கள் ஊர்க் கரையான்சாவடியில் ஷேர் ஆட்டோ ஓட்டும் என் மச்சினனோ பளீரென்ற மஞ்சள் சட்டையில் வந்து நின்றான். "இவர் யாரு?" என்று வழிகாட்டி கேட்டதும், கூச்சத்தில் "எங்க டிரைவர் சார்" என்று சொல்லிவிட்டேன்.

காட்டுக்குள் ஒரு மணி நேரம் அலைந்தும், தீக்காக்கை என்ற சிவப்பு மார்புப் பறவை கண்ணில் படவில்லை. வழிகாட்டியே தேடுவதைக் கைவிட்ட நேரத்தில் மச்சினன் கிசுகிசுத்தான்: "தோ, அந்தக் கொடிக்குப் பின்னால குந்திகினு கீது பாருங்க."

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று அசந்துபோனார் வழிகாட்டி.

"ஸ்டாப்பிங்ல சும்மா நிக்கிறவன் யாரு, ஏறப்போறவன் யாருன்னு தூரத்துலயே தெரியணும் சார். கை காட்டட்டும்னு காத்துகினு இருந்தா, பின்னாடி வர்ற ஆட்டோக்காரன் ஏத்திகினு பூடுவான்."

எனக்குப் பெருமை பொங்கியது. "என் மச்சினன் சார் இவன்!" என்றேன்.

"இன்னா மாமா," என்றான் அவன், "டிரைவருக்கு அதுக்குள்ள பிரமோஷனா?"

இன்றும் கரையான்சாவடியில் அவன் ஆட்டோ வந்தால் கை காட்டக் கூசி, வேறெங்கோ பார்த்தபடி நிற்கிறேன். அவன் நிறுத்துகிறான்.