கூப்பிட்டால் குதிக்கிற ஆள்

கொச்சி மட்டாஞ்சேரிப் படகு ஜெட்டியில் யாராவது தண்ணீரில் விழுந்தால், போலீஸுக்கு ஆள் போவதற்கு முன்பே ஒச்சப்பனுக்கு ஆள் போய்விடும். பஜார் ரோட்டில் சுக்கு மூட்டை சுமக்கிற உசிலம்பட்டிக்காரன். மூட்டையைப் போட்டது போட்டபடி ஓடிவந்து குதிப்பான். உயிரோடு தூக்கிவந்தால் சனம் கைதட்டும். பிணமாகத் தூக்கிவந்தால் படகுக்காரர்கள் ஒரு குப்பி சாராயம் வாங்கிக் கொடுத்து, "குடிச்சிட்டு உறங்கு, சரியாப் போகும்" என்பார்கள். எழுபதுகளில் அந்த ஊர் அவனுக்குச் செய்த வைத்தியம் அவ்வளவுதான்.

முங்குகிறவனை முன்னால் போய்ப் பிடிக்கக் கூடாது. கட்டிக்கொண்டு நம்மையும் இழுத்துவிடுவான். பின்னால் போய் முடியைப் பற்ற வேண்டும். ஒச்சப்பன் அப்படித்தான் பிடிப்பான். வைப்பின் தீவிலிருந்து வந்த வள்ளம் கவிழ்ந்த அன்று அவன் கைக்கு ஒரு குழந்தையின் தலை அகப்பட்டது. புதிதாக மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலை. வழுக்கியது. மறுபடி பிடித்தான், மறுபடி வழுக்கியது. பிறகு அகப்படவே இல்லை.

அன்றும் குப்பி வந்தது. குடித்தான். தூக்கம்தான் வரவில்லை.

அதிலிருந்து மகள் மாடத்தியின் சடையை அவன் விடுவதாக இல்லை. பிள்ளை சோறு தின்னும்போதும் பக்கத்தில் உட்கார்ந்து சடையைக் கையில் சுற்றிக்கொள்வான். "கழுத்து வலிக்குப்பா" என்று அது சிணுங்கும். மகள் மேல் அப்படி உயிராம் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். நன்றாகச் சிரித்தார்கள் போங்கள்! அவன் மனைவி வீரலட்சுமி வேறொன்றைக் கவனித்தாள். அவன் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதே இல்லை, சடையை மட்டும்தான் பார்த்தான்.

"பிள்ளைக்கு நேந்த குலசாமி மொட்டை பாக்கி நிக்குதுல்ல, அதான் இப்பிடி ஆட்டுது" என்றாள் அடுத்த வீட்டுப் பேச்சியம்மாள். வீரலட்சுமி அதை அவனிடம் சொன்னதுதான் தாமதம், வீட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துப்போய்த் கால்வாயில் வீசிவிட்டு வந்தான்.

ஒருநாள் சாயங்காலம் மாடத்தியின் தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"அப்பா என்னைய ஜெட்டிப் படியில நிக்க வச்சுத் தள்ளிவிட்டாரும்மா. அப்புறம் சடையப் புடிச்சுத் தூக்கிட்டாரு. நாளைக்கு ஆழத்துல பாப்போம்னு சொன்னாரு."

வீரலட்சுமி அவனைப் பார்த்தாள். "வழுக்காமக் கை நிக்குதான்னு பாத்தேன். நிக்குது லட்சுமி" என்றான் அவன், சந்தோஷமாக.

பிள்ளையைப் பேச்சியம்மாள் வீட்டில் விட்டுவிட்டு அவள் சைபுதீனிடம் ஓடினாள். முன்பு ஒச்சப்பனோடு சேர்ந்து குதித்தவர். இப்போது மனைவி மெஹருன்னிசாவோடு சாயாக்கடை நடத்துகிறார். எல்லாவற்றையும் கேட்டார், சிரிக்கவில்லை.

"எனக்கும் வந்துச்சு தங்கச்சி. ஒரு குடம் தண்ணியப் பாத்தாக்கூட உள்ள ஆள் கிடக்குற மாதிரி இருக்கும். மெஹருன்னிசாதான் எர்ணாகுளத்துல மனசுக்குப் பாக்குற டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனா. மருந்து சாப்பிட்டுத் தெளிஞ்சேன். இனி தண்ணியில இறங்கினா மறுபடியும் வரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. மெஹருன்னிசா எங்கிட்ட சத்தியமே வாங்கிட்டா."

"பைத்தியம்னு ஊரு சொல்லுமே அண்ணே?"

"சொல்லட்டும். பிள்ளை உசிரோட வேணுமா, வேண்டாமா?"

மறுநாள் காலை ஒச்சப்பனும் வீரலட்சுமியும் சைபுதீனும் எர்ணாகுளம் பஸ்ஸுக்கு நின்றார்கள். படகில் போனால் சீக்கிரம் போகலாம். அவனைப் படகில் ஏற்ற அவளுக்குத் துணிச்சல் இல்லை. டாக்டருக்கு என்று சொன்னதும் ஒச்சப்பன் மறுக்காமல் வந்ததே அவளுக்கு ஆச்சரியம்.

பஸ் தெருமுனையில் தெரிந்தபோது ஜெட்டிப் பக்கமிருந்து கூப்பாடு வந்தது, யாரோ தண்ணீரில் விழுந்துவிட்டான்.

"ஒச்சப்பன் சேட்டா! ஆளு வீணு! ஓடி வா!"

ஒச்சப்பன் திரும்பினான். வீரலட்சுமி அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"போகாதீங்க."

"போகலேன்னா செத்துருவான் லட்சுமி."

"போனா நீங்க எனக்கு இல்ல. பிள்ளையும் எனக்கு இல்ல."

 அவன் நடுரோட்டில் குத்தவைத்து உட்கார்ந்து, "வழுக்கிரும், வழுக்கிரும்" என்று வாய்விட்டு அழுதான். கூப்பாடு நிற்கவில்லை. அவன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

சைபுதீன் இருவரையும் பார்த்தார். சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

"பஸ்ஸில ஏறு தங்கச்சி."

அவர் ஓடினார். வேண்டாம் அண்ணே என்று ஒரு வார்த்தை கத்தியிருந்தால் நின்றிருப்பார். அவள் கத்தவில்லை. ஒச்சப்பனைத் தூக்கி நிறுத்தி பஸ்ஸில் ஏற்றினாள்.

பஸ் சாயாக்கடையைத் தாண்டியது. அடுப்படியில் நின்ற மெஹருன்னிசா வீரலட்சுமியைக் கண்டுவிட்டு, நல்லபடியாகப் போய் வா என்று கையசைத்தாள். மடியிலிருந்த சட்டையை அவசரமாக முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, வீரலட்சுமியும் கையசைத்தாள்.