இடது சக்கரத்துக் குமிழ்

நான் புதிதாக வாங்கிய வண்டியைப் பார்க்க, போன மாதம் மாமா ஆனையூரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தார். மாமா என்றால் அத்தையின் வீட்டுக்காரர். வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். டயரைச் செருப்புக்காலால் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் காதிலும் விழும்படி கேட்டார்.

"உங்கப்பனுக்குத்தான் அதப் போடத் தெரியல. ஒனக்காச்சும் தெரியுமா மாப்ள?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என்னுடையது இல்லை, அப்பாவுடையது என்பது சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

'அது' என்று மாமா சொன்னது, நாலு சக்கரத்தையும் சேர்ந்து இழுக்க வைக்கும் சுவிட்சை. என் வண்டி காடு, மலை, ஆற்று மணல் எதிலும் போகும் என்று விற்றவர்கள் சொன்னார்கள். இப்போதைக்கு அது ஆனையூரிலிருந்து மாட்டுத்தாவணிப் பக்கம் இருக்கும் என் அலுவலகத்துக்குப் போய்வருகிறது. இதுவரை அது ஏறிய பெரிய மலை, பள்ளிக்கூட வாசலில் இருக்கும் வேகத்தடை. "கொத்தமல்லிக் கட்டு வாங்கப் போறதுக்கு, எல்லைக்குக் காவலுக்குப் போற மாதிரி மூஞ்சிய வச்சுக்கிறீங்க" என்கிறாள் மனைவி. என்ன செய்வது, இந்த வியாதி எனக்கு அப்பா வழியில் வந்தது.

அப்பாவுக்குச் சிம்மக்கல்லில் பம்ப்செட் உதிரிபாகக் கடை. வீடு கோச்சடையில். அந்தத் தூரத்துக்கு ஒரு மொபெட்டே தாராளம். அப்பா ஏதோ ஒரு அரசாங்க இலாகா ஏலத்தில் விட்ட பழைய ஜீப்பை எடுத்து வந்து நிறுத்தினார். கான்வாஸ் கூரை. வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே கொஞ்ச நேரம் பெய்யும். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு அதில் ஏறுவது மரம் ஏறுவதற்குச் சமம் என்பதால், அம்மாவுக்கென்று பின்சீட்டில் ஒரு முக்காலி எப்போதும் பயணம் செய்தது. மாசி வீதியில் வண்டியைத் திருப்ப வேண்டுமென்றால் மூன்று கடைக்காரர்கள் வாசலில் வைத்த சாமான்களை உள்ளே இழுக்க வேண்டும். "அண்ணே, கடைய மட்டும் விட்டுருங்க" என்று ஒருவர் கும்பிடுவார்.

இதெல்லாம் அப்பாவுக்கு உறைக்கவே இல்லை. காரணம், கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புத் தலை வைத்த குட்டிக் கம்பி. அதைப் போட்டால் நாலு சக்கரமும் இழுக்கும். ஆனால் கம்பியை மட்டும் போட்டால் போதாது. அதற்கு முன்னால் வண்டியை விட்டு இறங்கி, முன்சக்கரங்கள் இரண்டின் நடுவிலும் இருக்கும் குமிழைக் கையால் திருப்பி 'ஃப்ரீ' என்று எழுதியிருக்கும் இடத்திலிருந்து 'லாக்'குக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு பக்கம் விட்டுப்போனாலும் முன்சக்கரம் இரண்டும் சும்மா கூட வரும், இழுக்காது. மெக்கானிக் இதை அப்பாவுக்கு ஒருமுறை சொன்னார். அப்பா எங்களுக்கு நூறுமுறை சொன்னார்.

சொன்னாரே தவிர, போட்டுக்காட்டச் சந்தர்ப்பம் அமையவில்லை. மழை பெய்தால் ஊரில் எல்லாரும் குடை தேடுவார்கள், அப்பா பள்ளம் தேடுவார். ரயில் பாலத்துக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது என்று கேள்விப்பட்டால் கடையை விட்டுவிட்டு ஓடுவார். அங்கே போய் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு குமிழையும் திருப்பிவிட்டு அவர் ஏறுவதற்குள் ஒரு பால்காரர் சைக்கிளில் அந்தத் தண்ணீரைக் கடந்து போயிருப்பார். அப்பா குமிழ்களைப் பழையபடி திருப்பிவிட்டு வீட்டுக்கு வருவார்.

எனக்கு அப்போது பத்து வயது. இடது சக்கரத்துக் குமிழ் எனக்கு ரேடியோ. அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு பக்கம் திருப்பினால் செய்தி, இன்னொரு பக்கம் திருப்பினால் பாட்டு. இரண்டையும் நானே வாசிப்பேன், நானே பாடுவேன். ஒருமுறை அப்பா பார்த்துவிட்டார். "வண்டியில எதுல வேணாலும் ஏறி வெளையாடு. இத மட்டும் தொடாத" என்றார். அதற்குப் பிறகு அப்பா வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் ஒலிபரப்பு நடந்தது.

கொட்டாம்பட்டிக்கு உள்ளே தள்ளி இருந்த ஊரில் அத்தையைக் கட்டிக்கொடுத்திருந்தது. அத்தை மகளுக்கு ஒரு வயது முடிந்து காதுகுத்து வைத்தார்கள். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை எடுக்க வேண்டும், காது குத்த வேண்டும். அப்பா ஒருவர்தான் தாய்மாமன். அவர் சீரோடு வந்து சேராமல் எதுவும் நடக்காது. நல்ல நேரம் ஒன்பது மணியோடு முடிகிறது என்று மாமா இரண்டு தரம் சொல்லி அனுப்பியிருந்தார். மாமாவிடம் டிராக்டர் இருந்தது. அப்பா ஜீப் வாங்கிய நாளிலிருந்து, "என்ன மச்சான், கடையில போயி உழுவுறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்த மனிதர் அவர்.

முதல் நாள் நல்ல மழை. காலையில் கிளம்புவதற்கு முன்பே, காய்ந்த கோச்சடைத் தெருவில் வைத்தே, அப்பா இரண்டு குமிழையும் 'லாக்'குக்குத் திருப்பினார். சூடம் காட்டாத குறைதான். பிறகு குளிக்கப் போனார். அம்மா தாம்பாளங்களில் பழம், வெற்றிலை, பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை எல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தாள். சீர்க்கிடாயை முன் பம்பரில் கட்டியிருந்தது. நான் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலைச் செய்திகளை ஆரம்பித்தேன். செய்தி முடிந்து பாட்டு. பாட்டு பாதியில், சட்டைப் பொத்தான் போட அம்மா கூப்பிட்டாள். எழுந்து போய்விட்டேன். குமிழ் எங்கே நின்றது என்று பார்க்கவில்லை. கிடாய் அசைபோட்டபடி பார்த்துக்கொண்டிருந்தது.

கிடாயைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். ஜீப் நாற்பதுக்கு மேல் போகாது, போனால் பேசிக்கொள்ள முடியாது. அப்படியும் இப்படியுமாக மெயின் ரோட்டிலிருந்து பிரியும் இடத்துக்கு வரும்போது மணி எட்டைத் தாண்டிவிட்டது. மாமா மோட்டார் சைக்கிளில் காத்திருந்தார்.

"ரோட்டுப் பக்கமாவே சுத்தி வாங்க மச்சான். கம்மாய்க்குள்ள நேத்து பேஞ்ச மழைக்கு சேறு கெடக்கு."

சேறு என்ற சொல்லைக் கேட்டதும் அப்பாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை இப்போதும் என்னால் சொல்ல முடியும். கிடாய்க்கும் தெரிந்திருக்கும்.

"நீங்க முன்னால போங்க மாப்ள. நாங்க கம்மா வழியாவே வாரோம்."

"எம்புட்டுச் சேறுன்னு தெரியுமா?"

"இம்புட்டு நாளா நான் இதுக்குத்தான மாப்ள வண்டி வச்சிருக்கேன்."

மாமா சிரித்துவிட்டுப் போனார். அப்பா சிவப்புக் கம்பியைப் போட்டார். ஊருக்குக் குறுக்குவழியான கண்மாய்க்குள் ஜீப் இறங்கியது. கொஞ்ச தூரம் கம்பீரமாகவே போனது. பாதியில் நின்றது. பின்சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன. முன்சக்கரங்கள் விருந்தாளி மாதிரி சும்மா நின்றன. அப்பா மறுபடியும் மறுபடியும் மிதித்தார். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு விரற்கடை கீழே போனோம்.

செய்தி, பாட்டு, சட்டைப் பொத்தான் மூன்றும் வரிசையாக ஞாபகம் வந்தன. திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்ற கிடாய் என்னையே பார்த்தது. சாட்சி.

அடுத்த சில நிமிடங்களில் நான் அடைந்த பீதியை இன்று நினைத்தால் எனக்கே பரிதாபமாக இருக்கிறது. மனசு கிடுகிடுவென்று ஓடியது. ஒன்பது மணி தாண்டிவிடும். காதுகுத்து நடக்காது. அத்தை அப்பாவோடு பேசமாட்டாள். காது குத்தாத பெண்ணை யாரும் கட்டமாட்டார்கள். யாரால் இப்படி ஆனதோ அவனே கட்டிக்கொள்ளட்டும் என்று பஞ்சாயத்தில் என் தலையில் கட்டிவிடுவார்கள். அந்தப் பெண்ணுக்கு எந்நேரமும் மூக்கு ஒழுகும். கண்ணை இறுக மூடிக்கொண்டு, குலசாமி கருப்பனிடம் வேண்டினேன். நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் மொட்டை போட்டுக்கொள்கிறேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றும் ஒருமுறை வாயைத் திறந்தேன். "வயிறு வலிக்குது" என்று வந்தது.

அப்பா இறங்கினார். வெள்ளை வேட்டி, பட்டுக்கரை. முழங்கால் வரை சேறு. வலது சக்கரத்தைப் பார்த்தார். பிறகு இடது பக்கம் வந்தார். அந்தப் பக்கம் சக்கரத்தில் பாதி உள்ளே போயிருந்தது, குமிழ் வெளியே தெரியவில்லை. குனிந்து முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். ரொம்ப நேரம் அப்படியே நின்றார். கையை உருவிக்கொண்டு நிமிர்ந்தபோது, நான் அவருக்கு நேராகத்தான் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்தார். "வயிறு வலிக்குதா இன்னும்?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். மறுபடி குனிந்து எதையோ திருக முயன்றார். சேறு இறுகிக் கிடந்தது. விட்டுவிட்டார்.

அதற்குள் கரையில் சத்தம் கேட்டது. மாமா டிராக்டரோடு வந்துவிட்டார். அவருக்குப் பின்னால், தாய்மாமனை வரவேற்க நின்றிருந்த மேளக்காரர்களும் பாதி ஊரும்.

"என்ன மச்சான்," என்று மாமா கரையிலிருந்தே கேட்டார். "அந்தச் செவப்புக் குச்சி வேல செய்யலையா?"

எனக்கு மூச்சு நின்றது. அப்பா கையிலிருந்த சேற்றை வேட்டியிலேயே துடைத்தார்.

"அது நல்லாத்தான் இருக்கு மாப்ள," என்றார். "எனக்குத்தான் போடத் தெரியல. கயித்தக் கட்டுங்க."

அந்தச் சிரிப்பு கண்மாயின் அடுத்த கரைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கும். அம்மா தலையைக் குனித்துக்கொண்டாள். நான் மட்டும் நிம்மதியாக மூச்சுவிட்டேன். அப்பாவுக்குப் போடத் தெரியவில்லையாம். அவரே சொல்லிவிட்டார். அப்படியென்றால் நான் திருப்பியதால் ஒன்றும் இல்லை. ஒரு பத்து வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல தீர்ப்பு கிடைக்காது.

கரைக்கு இழுத்துப் போட்ட பிறகும் மாமா கயிற்றை அவிழ்க்கவில்லை. "இருக்கட்டும் மச்சான், இன்னும் எங்கயாச்சும் எறங்கிரப் போவுது." அதனால் ஊருக்குள் நாங்கள் போன வரிசை இது: முன்னால் மேளம், அடுத்து டிராக்டர், அடுத்து கயிறு, கடைசியில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தாய்மாமன். இரண்டு பக்கமும் ஜனம் வாசலில் வந்து நின்று பார்த்தது. அப்பா நேராகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பிள்ளையை அப்பா மடியில் உட்கார வைத்தார்கள். கால் கழுவ நேரமிருந்தது, வேட்டி மாற்ற நேரமில்லை. மொட்டை எடுத்து, காது குத்தி, பிள்ளை ஊரைக் கூட்டி, அத்தை கண்ணைத் துடைத்து, எல்லாம் நேரத்துக்குள் முடிந்தது. அப்போதுதான் எனக்குக் கருப்பன் ஞாபகம் வந்தான். கத்தியைத் துடைத்து வைக்கப்போன முடிவெட்டும் அண்ணன் முன்னால் போய் உட்கார்ந்து, "எனக்கும் எடுங்கண்ணே" என்றேன்.

"ஒனக்கு எதுக்குடா?" என்று அம்மா பதறினாள்.

"வேண்டிக்கிட்டேன்."

"என்னன்னுடா?"

நான் தலையைக் கத்திக்கு நேராக நீட்டினேன். "அத்த மகளுக்குச் சோடி சேர்றான்" என்று யாரோ சொல்ல, பந்தலே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. "எடுத்து விடுங்க" என்று மட்டும் சொன்னார். எடுத்து முடித்ததும் பக்கத்தில் வந்து என் மொட்டைத் தலையை ஒருமுறை தடவினார். நகக்கண்ணில் இன்னும் கறுப்பாகச் சேறு இருந்தது. மதியம் சாட்சியும் குழம்பாகிவிட்டதால், வழக்கு அத்தோடு முடிந்தது என்று நினைத்து மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

வழக்கு முடியவில்லை. கல்யாணம், சடங்கு, கிடாவெட்டு எங்கே கூடினாலும் மாமா ஆரம்பித்துவிடுவார். "எங்க மச்சான் ஜீப்பு வாங்குனாரு, டிராக்டருக்குப் பின்னால கட்டுறதுக்கு." அப்பா கூடவே சிரிப்பார். "ஆமா மாப்ள, எனக்குத் தெரியலையே" என்பார். கடைசிவரை அதே பதில். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. மாமாவுக்கு அந்தக் கேலி மட்டும் இன்னும் புத்தம் புதிதாகவே இருக்கிறது. போன மாதம் ஆனையூரில் அவர் கேட்டபோது சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "காப்பி சாப்பிடுறீங்களா மாமா" என்று வந்தது. முப்பது வருடத்தில் வயிற்றுவலி காப்பியாக வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

காதுகுத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஜீப்பைக் கழுவினார். காய்ந்த சேற்றை ஆணியால் நோண்டி எடுத்தார். இடது சக்கரத்துக் குமிழ் தெரிந்ததும், அதை 'லாக்'குக்குத் திருப்பினார். பிறகு வெள்ளைப் பெயிண்ட் டப்பாவையும் ஒரு சின்னப் பிரஷ்ஷையும் எடுத்துவந்து என்னைக் கூப்பிட்டார். டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, குமிழின் மேல் ஒரு கோடு போட்டார். அதற்கு நேராகச் சக்கரத்தின் மேல் இன்னொரு கோடு. வலது பக்கமும் அப்படியே.

"கெளம்புறப்ப இந்தக் கோடும் அந்தக் கோடும் நேரா இருக்கான்னு பாத்துட்டு ஏறணும்," என்றார். யாரிடம் சொல்கிறார் என்று சுற்றிலும் பார்த்தேன். தெருவில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை.

பாவம், இந்த வண்டியை எப்படி ஓட்டுவதென்று அப்பா இப்போதுதான் கற்றுக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு உதவியாக, டப்பா ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.