காய் பக்கத்தில் ஒரு கை

முதலில் சொத்தையைத்தான் தேடி எடுக்கிறார். கூடைக்குள் கைவிட்டுக் கிளறி, பூச்சி துளைத்த கத்தரிக்காய் ஒன்றைப் பொறுக்கி, நல்ல காய்களுக்கு நடுவே வைக்கிறார். அதன் பக்கத்தில் தன் இடது கையை விரித்து வைத்து, வலது கையிலுள்ள செல்போனால் படம் பிடிக்கிறார். கத்தரிக்காய்க்காரருக்கு முகம் வாடிவிடுகிறது.

"சொட்டைத் தலைய மறைச்சுத் தொப்பி போட்டுக்கிட்டே பொண்ணு பார்க்கலாம். கல்யாணத்துக்கு அப்புறம் தொப்பியக் கழட்டாமயா இருப்பான்?" என்கிறார் படமெடுப்பவர்.

ஊரில் அவருக்குப் பெயர் போட்டோக்கா. தொழில், செல்போன் பழுது பார்ப்பது. சார்ஜர் வயர்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கும் ஒற்றை அறைக் கடை. விடிந்ததும் அதன் வாசலில் கூடைகள் வந்துவிடும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்களின் கூடைகள். இவர் படமெடுத்துக் காய்கறி விற்கும் ஆப்பில் ஏற்றுவார். நகரத்து உணவகங்களும் கடைகளும் பார்த்துக் கேட்கும். மாலையில் ஒரு வேன் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சரக்கை ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் ஓடும். அத்தனை பேருக்கும் ஆப்பில் ஒரே கணக்குதான். ஒருவர் காய் கெட்டுப்போய் இறங்கினால் எல்லோருடைய நட்சத்திர மதிப்பும் குறையும்.

வாங்குகிறவர்கள் இவர் முகத்தைப் பார்த்ததில்லை. காயின் அளவு தெரியட்டும் என்று வைக்கத் தொடங்கிய கையைத்தான் தெரியும். ஆள்காட்டி விரலில் பற்றவைக்கும் கம்பி சுட்ட தழும்பு. "அந்தச் சுட்ட விரல் இருக்கா? அப்ப ஏத்துங்க" என்பாராம் ஒரு ஓட்டல்காரர்.

கடைக்குள் சிக்னல் எட்டிப் பார்ப்பதில்லை. தெருவில் சலூனுக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே ஓர் இடத்தில்தான் கிடைக்கும். அங்கே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் நிரந்தரமாகக் கிடக்கிறது. சைக்கிள்காரர்கள் அதைச் சுற்றி ஓட்டப் பழகிவிட்டார்கள். படம் ஏறாமல் திரையில் வட்டம் சுழன்றால் போட்டோக்கா அதோடு பேசுவார். "சுத்து, நல்லா சுத்து. உனக்கென்ன, கடை வாடகையா கட்டணும்?"

நான் போயிருந்த அன்று, அவருடைய அக்கா வீட்டுக்காரர் வெண்டைக்காய்க் கூடையோடு வந்தார். மண்டிக்காரரிடம், "இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்த மனிதர். இது அவருடைய முதல் சரக்கு. காய்கள் கண்ணாடி போல மின்னின.

போட்டோக்கா ஒன்றை எடுத்துத் தடவினார். "என்ன மாமா, குளிப்பாட்டினீங்களா?"

"பின்ன? ஒரே புழுதி. படத்துல பளபளன்னு விழட்டும்னு தொட்டியில போட்டு அலசிட்டேன்."

"கூடையில இருக்கறத மட்டும்தானே?"

"எல்லாத்தையும்தான். உங்கக்காவும் கூட நின்னு அலசினா."

மண்டிக்கு அனுப்பிய காலத்தில் அவர் ஒரு காயைக்கூடக் கழுவியவர் இல்லை. படத்துக்காகக் கழுவியிருக்கிறார். ஈர வெண்டை மூட்டைக்குள் இரவெல்லாம் புழுங்கினால் விடியும்போது கறுத்து வழவழத்துவிடும்.

"படத்துல ஈரம் தெரியாதும்மா. சும்மா எடு" என்றார் மாமா மெதுவாக.

"படத்துல தெரியாது. மூட்டையப் பிரிச்சா தெரியும்."

"அப்ப நான் அந்த மண்டிக்காரன் முன்னாடி போய் நிக்கணுமா? 'வாங்க ராசா'ம்பான். அதுக்கு நான் இதை ஆத்துல கொட்டிடுவேன்."

போட்டோக்கா போனை எடுத்தார். நீர்த்துளி தெரியும்படி கிட்டத்தில் பிடித்து, கையை வைத்துப் படமெடுத்தார். பிறகு ஸ்டூலில் போய் உட்கார்ந்து, படத்தோடு தன் குரலையும் பதிவு செய்தார். "வணக்கம். காய் நல்ல பிஞ்சு, நுனி சட்டுனு ஒடியும். ஆனா எங்க மாமா குளிப்பாட்டிட்டாரு. ராத்திரிப் பயணம் தாங்காது. இன்னைக்கே அடுப்புல ஏத்துறவங்க பக்கத்துல இருந்தா சொல்லுங்க."

"எங்க மாமான்னு சொல்லணுமா? மானத்த வாங்குற."

"குளிப்பாட்டினது யாரு, நானா?"

கொண்டுவந்த காயைக் கடைக்குள் மின்விசிறிக்கடியில் பரப்பினார்கள். மாமா குத்துக்காலிட்டு ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். போட்டோக்கா ஒரு போனைத் திறந்து வைத்துக்கொண்டு பழுது பார்ப்பதுபோல் இருந்தார். திருகாணி ஒன்றைக்கூடக் கழற்றியதாகத் தெரியவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது பக்கத்து ஆலையின் கேன்டீன்காரர் கூப்பிட்டார். "ராத்திரி ஷிப்டுக்கு வேணும். குளிச்ச காய்ன்னதும் சிரிப்பு வந்துடுச்சு. முக்கால்வாசி எடுத்துக்கறேன்." மிச்சம் இரண்டு வீட்டுக்கும் பங்காகப் போயிற்று. "இந்த வாரம் வெண்டைக்காயத் தவிர வேற பேச்சே கிடையாது" என்றார் போட்டோக்கா.

அடுத்த பறிப்புக்கும் நான் இருந்தேன். மாமா வந்தார். கூடை முழுக்கப் புழுதி. ஒன்றிரண்டு காய்களில் இலைகூட ஒட்டியிருந்தது. "பாரு, ஒரு சொட்டுத் தண்ணி படல" என்று கூடையை இறக்கிவிட்டு, மண்ணும் வெண்டைச் சுனையும் அப்பிய கையோடு தெருக்குழாய்ப் பக்கம் திரும்பினார்.

போட்டோக்கா கிளறினார். சொத்தையை எடுத்து நடுவில் வைத்தார். இடது கையை விரித்து வைத்தார். ஒரு கணம் திரையைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

பிறகு எட்டி மாமாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அந்த மண் கையைக் காய்களின் பக்கத்தில் விரித்து வைத்துப் படம் பிடித்தார்.