ஆறு மணிக்கு லைன் கொடுத்த பிரிஜித் அக்கா

செவ்வாய்க்கிழமை காலை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் யாரோ மெழுகுவர்த்திப் படம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். யாருக்கு என்று எழுதவில்லை. எனக்கு எரிச்சல். "யாருன்னு சொல்லிட்டு அழுங்கப்பா" என்று தட்டினேன். "பிரிஜித் மேடம்" என்று பதில் வந்தது. நான் தட்டியதை அழிக்கக்கூடக் கை வரவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? பழைய இணைப்புகளை மாற்றி, தூத்துக்குடி வட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் அரசு இன்டர்நெட் கேபிள் போட்டபோது எங்கள் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. உப்புக்காற்றில் துருப்பிடித்த கேபிள் பெட்டியைக் காண்டிராக்டர் முன்னால் திறந்து வைத்து, "இத ஒங்க வீட்டு வாசல்ல மாட்டுவியளா?" என்று மெதுவாகக் கேட்பார். மறுநாள் அந்த ஆள் வேறு பெட்டியோடு வந்து நிற்பார். எனக்கும் அவரிடம் பயம்தான். ஆனால் வாயை அடக்க மாட்டேன். அதனாலோ என்னவோ, என்னை மட்டும் வீட்டுப் பிள்ளையைப்போல 'ஏளா' என்று கூப்பிடுவார்.

தருவைகுளம் கதையை நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் தப்பு என்னுடையது. அந்தக் கடற்கரைக் கிராமத்து இ-சேவை மையத்தை, மீன் விற்கும் பெண்களின் வசதிக்காகக் காலை ஆறு மணிக்கே திறந்தார்கள். புது கேபிள் போட்டும் அங்கிருந்து விண்ணப்பமே வரவில்லை. என் திரையிலோ லைன் எப்போதும் பச்சை. 'மக்களிடம் ஆர்வமில்லை, மையத்தை மூடலாம்' என்று கோப்பில் குறிப்பெழுதி, கையெழுத்தும் போட்டு பிரிஜித் அக்கா மேஜையில் வைத்தேன்.

படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஆள் வரலன்னு எழுதியிருக்க. வந்து திரும்பிப் போனவள யாருளா எழுதுவா? திங்கக்கிழம மொத பஸ்ஸுக்கு வா."

முணுமுணுத்துக்கொண்டுதான் போனேன். ஆறு மணிக்கு மையத்தின் வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். உள்ளே கம்ப்யூட்டர் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. முன்னால் நின்ற அந்தோணியம்மாளின் மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கட்டணச் சலுகைக்கான முதல் பட்டதாரிச் சான்றிதழை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். அன்று திங்கள். "நாலு நாளா வாரேன், இந்த வட்டந்தான் சுத்துது. ஏழரைக்கு மீனத் தூக்கிட்டு டவுனுக்குப் போவணும். திரும்பி வாரதுக்குள்ள இங்கன பூட்டிருதாவ" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒன்பதரைக்கு லைன் தானாக வந்தது. வாசலில் அப்போது ஒருவரும் இல்லை. அக்கா கடிகாரத்தைப் பார்த்து, "நம்ம ஆபீஸ எப்ப திறப்பாவ?" என்று கேட்டார். ஒன்பதரைக்குத்தான். நான் என் திரையைப் பார்ப்பதும் அதற்குப் பிறகுதான்.

தருவைகுளத்து லைன் எங்கள் அலுவலக சர்வர் அறை வழியாகத்தான் போகிறது. எங்கள் வாட்ச்மேன் சுடலை அண்ணாச்சி தினமும் மாலையில் ஃபேன், லைட் எல்லாம் பார்த்து, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார். தீ விபத்து வரக்கூடாது, கரண்டும் வீணாகக்கூடாது என்று அந்தக் காலத்து அதிகாரி சொன்ன பழக்கம். பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் எல்லாம் படுத்துவிடும்; மறுநாள் ஆபீஸ் திறந்து மெயினை ஏற்றினால்தான் எழுந்திருக்கும். அதைச் சுடலை அண்ணாச்சிக்குச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனை பேர் படித்து என்ன பிரயோஜனம்!

அக்கா அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "அண்ணாச்சி, நீங்க இங்கன மெயின இறக்குனா அங்கன தருவைகுளமே இருட்டாயிருது" என்றார். அவர் முகம் செத்துவிட்டது. "எனக்கு யாரும் சொல்லலியேம்மா" என்றார். "ஒங்க மேல குத்தமில்ல, எங்க மேலதான்" என்று சொல்லிவிட்டு அக்கா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். மெயினை இறக்கினாலும் நிற்காதபடி சர்வர் அறைக்குத் தனி இணைப்பு அன்று மாலைக்குள் தயார். எங்கள் மேலதிகாரி டெண்டர், அனுமதி என்று ஆரம்பித்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு நேரமில்ல சார். விளக்கம் கேட்டா எங்கிட்ட கேளுங்க" என்றார் அக்கா.

செவ்வாய் காலை ஆறு மணி. வட்டம் ஒருமுறை சுற்றி நின்றது, பக்கம் திறந்தது. அந்தோணியம்மாளின் விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததும் வரிசையில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், என்னை மீறி. அன்று ஏழரைக்குள் ஒன்பது விண்ணப்பங்கள் போயின. வியாழக்கிழமை சான்றிதழ் அதே மையத்தில் அச்சாகி வந்தது. மறுநாள் பிள்ளை கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். இன்று அவள் நர்ஸ். அந்த மையத்தில் இப்போது இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு வரிசை. மற்ற கிராமத்துப் பெண்களும் தங்கள் மையத்தை ஆறு மணிக்குத் திறக்கச் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள்.

அந்த வாரம், கோப்பிலிருந்து என் குறிப்பைக் கிழித்துவிடுங்கள் என்று அக்காவிடம் கெஞ்சினேன். "கிழிக்காண்டாம். கீழ எழுது" என்று பேனாவைக் கொடுத்தார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். பொருளாக ஒன்றுமில்லை, கோப்பும் அலுவலகத்தில்தான் இருக்கிறது. அதில் அன்று கீழே இப்படி எழுதினேன்: 'மேற்கண்ட என் குறிப்பு தவறு. காலை ஆறு மணிக்கு நேரில் போய்ப் பார்த்தேன். மக்கள் வரிசையில் நிற்கிறார்கள்.' என் சர்வீசில் நான் எழுதியதிலேயே பெருமைப்படக்கூடிய வரிகள் அவை.