கூடுதலாக வந்த ஒன்றரை கிலோ

அந்தப் பூஜ்யத்தை நான்தான் போட்டேன். இத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. கம்ப்யூட்டர் மேல் பாதி எரிச்சல், என்மேல் மீதி.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மாமல்லபுரத்தில் கடலோர ஓட்டல் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தேன். செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக வந்து இறங்கினால், மேஜைமேல் சப்ளையர் பில்கள் குவிந்திருக்கும். பால் பில், காய்கறி பில், காஸ் பில், எப்போதும் ஈரமாகவே வரும் மீன் பில். ஒவ்வொன்றையும் ஆர்டரோடும் ஸ்டோர் நோட்டோடும் ஒத்துப்பார்த்து டிக் அடிப்பதுதான் என் பிழைப்பு. அது முதலாளிக்கு மந்தமாகத் தெரிந்தது. சென்னையில் ஒரு கம்பெனியைப் பிடித்து, பில்களைத் தானாகச் சரிபார்க்கும் சாஃப்ட்வேரை வாங்கிவிட்டார்.

ஆர்டர், எடை, பில் மூன்றும் ஒத்துப்போனால் செக் தானாக அச்சாகும். ஒத்துப்போகாவிட்டால் பில் நின்றுவிடும். ஸ்டோரில் இருந்த புதுத் தராசுக்கும் ஒரு வயரை மாட்டிக் கம்ப்யூட்டரோடு சேர்த்துவிட்டார்கள்.

அதைப் பொருத்த வந்த இன்ஜினியர் கேட்டார்: "எடையில எவ்வளவு வித்தியாசம் வரைக்கும் விடலாம் சார்?"

முதலாளி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அந்த மிதப்பில் சொன்னேன்: "பூஜ்யம் போடுங்க. ஒரு கிராம்கூட விடக் கூடாது."

முதலாளி என்னை ஒரு மாதிரி பெருமையாகப் பார்த்தார். அடுத்த மாதம் சம்பளத்தில் ஐந்நூறு ரூபாய் ஏறியது. குறைத்துக் கொடுத்து ஏமாற்றுகிறவர்களைப் பற்றி மட்டுமே நான் யோசித்திருந்தேன். கூட்டிக் கொடுக்கிறவர்கள் என் மண்டைக்குள் வரவே இல்லை.

பால் பாக்கெட்டாக வந்தது, காஸ் சிலிண்டராக வந்தது, காய்கறிக்காரர் எங்கள் தராசைப் பார்த்தே பில் எழுதினார், மூன்றும் சரியாக ஓடின. மீன்தான் மாட்டிக்கொண்டது. மீன் கொடுத்தது பக்கத்துக் குப்பத்து அக்கா. வீட்டுக்காரர் கடலுக்குப் போவார், இவர் கூடையோடு ஆட்டோவில் வருவார். இருபது கிலோ சங்கரா என்றால் இருபது கிலோவுக்குத்தான் பில். ஆனால் கூடையை இறக்கும்போது மேலே நாலு மீனைக் கொசுறாகப் போடாமல் போகமாட்டார். கொசுறு வைக்காத இடத்தில் மறுநாள் வியாபாரம் விளங்காது என்பது அவர் கணக்கு. வேண்டாதவர்களுக்கு மட்டும்தான் கொசுறு கிடையாது.

தராசு கூடையோடு எடை போட்டு, கூடை எடையைக் கழித்து, இருபத்தொன்றரை என்று எழுதியது. பில்லில் இருபது. திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: அளவு பொருந்தவில்லை. பில் நின்றது. மறுநாளும் நின்றது. ஆறு வாரம் ஒரு பில்கூட நகரவில்லை.

ஸ்டோர்காரரிடம் போய்க் கெஞ்சினேன், இருபது என்று மாற்றிப் போடச் சொல்லி.

"நம்ம கையில இன்னா கீது மச்சான்? தராசு தானா எழுதிக்கினு போவுது" என்று கையை விரித்தார்.

கொசுறைத் தனிப் பொருளாக, விலை இல்லாமல் ஏற்றிப் பார்த்தேன். விலை இல்லாத பொருள் உலகத்தில் கிடையாது என்று அது துப்பிவிட்டது. சென்னைக்குப் போன் போட்டேன். "பூஜ்யத்தை மாத்தணும்னா உங்க முதலாளி லெட்டர் தரணும் சார்" என்றார் இன்ஜினியர். அதற்கு நான் முதலாளி முன்னால் நின்று, நான் சொன்ன பூஜ்யம் முட்டாள்தனம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஏறிய ஐந்நூறு கண்முன் வந்தது. போகவில்லை.

அக்கா என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"போட்டு இன்ஜின் நாலு நாளா மெக்கானிக்காண்ட கெடக்குது சார். துட்டு குடுத்தாத்தான் தருவான். எங்க வூட்டுக்காரரு கரையிலயே குந்திக்கினு கீறாரு. எம் பில்லு இன்னா ஆச்சு?"

"எடை கூடுதலா இருக்குதுக்கா. அதான் நிக்குது. இனிமே கொசுறு போடாதீங்க."

அவர் என்னையே பார்த்தார். "கொறஞ்சா கேளு, நாயம். கூட குடுத்ததுக்கா சார் துட்ட நிறுத்துவாங்க?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் கேட்டதில் தப்பில்லை என்பதால் வந்த கோபம். "சிஸ்டம் அப்படித்தான்" என்று எரிந்து விழுந்தேன். திரும்பிப் போனார்.

நின்றுபோன பில்களை விடுவிக்க முதலாளியின் கையெழுத்தாவது வேண்டும். மொத்தத்தையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். "ஏன் இவ்வளவு நின்னுது?" என்று கேட்டார். வாய்க்குள் உண்மை இருந்தது. வெளியே வந்தது வேறு: "அவங்க எடை போடறதுல தப்பு சார். சொல்லித் திருத்திட்டேன்."

கையெழுத்துப் போட்டார். "நல்ல வேலை" என்று வேறு சொன்னார். காரணம் எழுதாமல் பில்லை விடுவிக்க அந்தச் சாஃப்ட்வேர் ஒத்துக்கொள்ளவில்லை. 'சப்ளையரின் எடைப் பிழை' என்று தட்டினேன். செக்கோடு வரும் துண்டுச் சீட்டிலும் அது அப்படியே அச்சாகும் என்று எனக்குத் தெரியாது. உறையைத் திறந்து பார்க்காமலே அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

இன்ஜின் வந்தது, படகும் கடலுக்குப் போனது. மறுநாளிலிருந்து கூடை சரியாக இருபது கிலோ. பில்கள் ஒன்றுகூட நிற்கவில்லை. முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் திரையைக் காட்டிப் பெருமைப்பட்டார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பஸ் ஏறும் முன் வீட்டுக்கு மீன் வாங்கக் குப்பத்துப் பக்கம் போனேன். அக்கா கரையில் கூடை வைத்து உட்கார்ந்திருந்தார். எப்போதும் அவரிடம்தான் வாங்குவேன்; ஒரு கிலோ கேட்டால் ஒன்றேகால் கட்டித் தருவார். அன்றும் ஒரு கிலோ கேட்டேன்.

தராசில் வைத்தார். மீன் தட்டு தாழ்ந்தது. அருவாமனையை இழுத்து, ஒரு மீனின் வாலோடு துண்டு நறுக்கித் தனியே வைத்தார். மறுபடி நிறுத்தார். இன்னும் ஒரு சின்னத் துண்டு நறுக்கினார். தட்டு இரண்டும் சமமாக நின்ற பிறகுதான் நிமிர்ந்தார்.

"நல்லா பாத்துக்கோ சார்" என்றார். "அப்பறமா எடையில தப்பு பண்ணேன்னு எழுதப் போற."